மணத்தைச் சுமந்து வரும் காற்றும் ஒரு தொடுகைதான்

பாடப்புத்தகத்தில் முகர்வுக்கு ஓர் அத்தியாயம், தொடு உணர்வுக்கு இன்னோர் அத்தியாயம். ஆய்வுக்கூடங்களும் பெரும்பாலும் அப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. எலியிடம் இந்தப் பிரிவினை செல்லாது. அதன் முகத்தின் முன்பகுதியில் மூக்குத் துவாரங்களும் மீசையும் நெருங்கி அமைந்திருக்கின்றன, இரண்டும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. அதைவிட முக்கியமான விஷயம், மணம் தானாக மூக்குக்குள் நுழைவதில்லை. காற்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அதே காற்று மீசையை அசைக்கிறது, முகத்தோலைக் குளிர்விக்கிறது, மூக்கின் உட்படலத்தை அழுத்துகிறது. எலிக்கு மணம் கொடுத்தோம் என்று யார் சொன்னாலும், கூடவே ஒரு தொடுகையையும் கொடுத்திருக்கிறார்கள்.

விலங்குகள் மணத்தையும் தொடுகையையும் எப்படி உணர்கின்றன என்று ஆராய்பவர்களின் உழைப்பில் பெரும்பங்கு இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதில்தான் போகிறது. கட்டுரைகளின் கடைசியில் சின்ன எழுத்தில் வரும் கட்டுப்பாட்டுச் சோதனைகளில்தான், அதாவது கிடைத்த விடைக்கு வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்யும் சோதனைகளில்தான், இந்தத் துறையின் உண்மையான அறிவு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பகுதியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தாளம். ஓய்வாக இருக்கும் எலி நொடிக்கு 1 முதல் 3 முறை மூச்சுவிடும். புதிதாக ஒன்றை ஆராயத் தொடங்கியதும் மூச்சு மோப்பமாக மாறும், நொடிக்கு 4 முதல் 12 முறை. மீசையின் வீச்சும் கிட்டத்தட்ட அதே வேகம்தான், நொடிக்கு 5 முதல் 15 முறை. மூச்சை உள்ளே இழுக்கும்போது மீசை முன்னால் வீசப்படுகிறது, வெளியே விடும்போது பின்னால் போகிறது, தலையும் மூக்கு நுனியும் கூடவே அசைகின்றன. இதை 1964இலேயே வெல்கர் என்ற ஆய்வாளர் விவரித்துவிட்டார். காரணம் தெரிய ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. மூளைத்தண்டில் உள்மூச்சைத் தொடங்கிவைக்கும் ப்ரீபோட்ஸிங்கர் என்ற தொகுதி, மீசைத் தாளத்தை உருவாக்கும் பக்கத்து நரம்பணுக் கூட்டத்தை ஒவ்வொரு உள்மூச்சின்போதும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறது என்று டேவிட் க்ளைன்ஃபெல்ட், மார்ட்டின் டெஷேன் ஆகியோரின் குழு 2013இல் காட்டியது. மூச்சு மெதுவாக இருக்கும்போது இரண்டு மூச்சுகளுக்கு இடையில் மீசை தானாகச் சில முறை வீசும். ஆனால் அந்த இடை வீச்சுகள் ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும். அடுத்த உள்மூச்சு வந்ததும் மறுபடி பெரிதாக வீசும். இந்த ஏற்பாட்டில் மூச்சுதான் தலைமை.

இதற்கு நடைமுறையில் ஒரு கடுமையான விளைவு உண்டு. மீசை வீச்சோடு இணைந்து துடிக்கும் ஒரு நரம்பணுவை மூளைப் புறணியில் கண்டால், அது மீசைக்காகத் துடிக்கிறதா மூச்சுக்காகத் துடிக்கிறதா என்று மீசைப் பதிவை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. மூச்சுப் பதிவு இல்லாத மீசைத் தரவை நான் பாதித் தரவாகவே எடுத்துக்கொள்வேன்.

மூச்சைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. மூக்குக் குழிக்கு மேலுள்ள எலும்பில் சிறு துளையிட்டு வெப்பநிலையை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை வைப்பது ஒன்று; உள்ளே போகும் காற்று குளிர்ச்சி, வெளியே வரும் காற்று வெப்பம் என்பதால் வெப்பநிலை ஏறி இறங்கும். அதே இடத்தில் மெல்லிய உலோகக் குழாயைப் பொருத்தி அழுத்த சென்சாரோடு இணைப்பது இன்னொன்று. அழுத்தப் பதிவு நேரத்தில் துல்லியமானது, ஆனால் குழாய் சளியால் அடைபடும். தினமும் பதிவுக்கு முன்னும் பின்னும் சுத்தம் செய்து, பயன்படுத்தாத நேரத்தில் உள்ளே ஒரு அடைப்புக் கம்பி வைத்து மூட வேண்டும். தெர்மோகப்பிள் அடைபடாது. ஆனால் அறை வெப்பநிலை எலியின் உடல் வெப்பத்தை நெருங்க நெருங்க அலை சிறுத்துவிடும். கம்பி தடிமனாக இருந்தால் வேகமான மோப்பத்தில் அலை பின்தங்கும். வெப்பநிலையின் உச்சியை உள்மூச்சின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வதும், அழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியை எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. ஒரே விலங்கில் இரண்டையும் ஒருமுறையாவது சேர்த்துப் பதிவுசெய்து இடைவெளியை அளந்துகொண்டால்தான் வேறு குழுக்களின் எண்களோடு ஒப்பிட முடியும். மூக்குக்கு வெளியே சென்சாரை வைப்பது விலங்குக்கு நல்லது, அறுவை இல்லை. ஆனால் மணம் கொடுக்கும் காற்றும் அதே சென்சாரில் மோதுவதால், மணம் வரும் அந்த முக்கியமான நொடியில்தான் பதிவு கெட்டுப்போகும்.

மீசைக்குக் கேமரா. ஒரு வீச்சு சுமார் 100 மில்லிநொடி எடுக்கும். சாதாரண 30 சட்டக் கேமராவில் ஒரு வீச்சுக்கு மூன்று படம்தான் கிடைக்கும், வேகம் முழுக்கத் தப்பாகத் தெரியும். நொடிக்கு 500 சட்டங்கள் இருந்தால் போதும். மீசை ஒரு பரப்பில் சிக்கி விடுபடும் கணத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் 1000 அல்லது அதற்கு மேல். பின்னாலிருந்து 850 அல்லது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பரப்பி, மீசையை நிழலாக எடுப்பது நல்லது. எலிக்கு அந்த ஒளி தெரியாது. ஒரு சட்டத்துக்கான ஒளிபடும் நேரம் 1 மில்லிநொடிக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் நுனி மங்கலாகும். 640க்கு 480 புள்ளி, 8 பிட், 500 சட்டம் என்றால் நொடிக்கு 153 மெகாபைட்டுக்கு மேல் சேரும். முழு அமர்வையும் சேமிக்க முடியாது; ஒவ்வொரு முயற்சிக்கும் சில நொடிகளை மட்டும் எடுப்பதே வழக்கம். மீசை நுனி மிக மெல்லியதாகப் போய் முடிவதால் படத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே நுனியைத் துரத்தாமல், அடியில் மீசை தோலோடு செய்யும் கோணத்தை அளப்பதே நம்பகமானது.

மீசைத் தண்டில் நரம்பே கிடையாது. தூண்டில் கோலின் நுனியில் மீன் இழுப்பது கைப்பிடியில் தெரிவதைப் போல, நுனியில் படுவது அடிவேரில் வளைவாகவும் அழுத்தமாகவும் போய்ச் சேர்கிறது. அங்கே இரத்தம் நிறைந்த உறைக்குள் பொதிந்த மயிர்க்கால் இருக்கிறது. எலியின் ஒரு பெரிய மீசைக்கு 150 முதல் 200 நரம்பிழைகள் அங்கே வந்து சேர்கின்றன. அவை முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் முப்பெரு நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து மூளையின் நடுவிலுள்ள இடைநிலையமான தாலமஸுக்கும், பிறகு புறணிக்கும் போகின்றன. புறணியின் நான்காம் அடுக்கில் ஒவ்வொரு மீசைக்கும் பீப்பாய் வடிவில் ஒரு செல்கூட்டம் இருப்பதை வுல்சியும் வான் டெர் லூஸும் 1970இல் காட்டினார்கள். மீசை முகத்தில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசை மூளையிலும் இருக்கிறது.

முகர்வில் இப்படிப்பட்ட இட வரைபடம் இல்லை. சுண்டெலியில் சுமார் 1,100 வகை முகர்வு ஏற்பிகள், மனிதரில் சுமார் 400. ஒரு முகர்வு நரம்பணுவில் ஒரே வகை ஏற்பிதான். படலத்தில் சிதறிக் கிடக்கும் ஒரே வகை நரம்பணுக்களின் இழைகள், மூளையின் முன்பகுதியிலுள்ள முகர்குமிழில் பொதுவாகப் பக்கத்துக்கு இரண்டு உருண்டைகளில் வந்து குவிகின்றன. எந்தெந்த உருண்டைகள், எந்த வரிசையில், மூச்சின் எந்தக் கட்டத்தில் விழிக்கின்றன என்பதே மணம். அங்கிருந்து தாலமஸில் நிற்காமல் நேராகப் புறணிக்குச் செல்கிறது.

இந்த இடத்தில்தான் இரண்டு புலன்களும் எதிர்பாராத விதத்தில் கலக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மிங்ஹாங் மாவின் குழு 2007இல் சுண்டெலியின் முகர்வு நரம்பணுக்களை மணமே இல்லாத திரவத்தை மெல்லப் பீய்ச்சி அழுத்திப் பார்த்தது. அவற்றில் பல விழித்தன. அழுத்தம் கூடக் கூட விடையும் கூடியது. மணத்துக்குப் பயன்படும் அதே வேதிப்பாதையே இதற்கும் பயன்படுகிறது. 2015இல் அதே குழு, இந்த அழுத்த உணர்வு ஏற்பிப் புரதங்களையே சார்ந்திருக்கிறது என்று காட்டியது. முகர்வதற்கென்றே இருக்கும் செல் காற்றின் தள்ளலையும் உணர்கிறது என்றால், வேகமாக மோந்தபோது முகர்குமிழில் கூடுதல் துடிப்பு தெரிந்தால் அது கூடுதல் மணமா கூடுதல் காற்றா? சுத்தமான காற்றை அதே வேகத்தில் கொடுத்த பதிவு பக்கத்தில் இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

இன்னொரு கலப்பும் உண்டு. மீசைத் தொடுகையைக் கொண்டுபோகும் அதே முப்பெரு நரம்பு மூக்குக்குள்ளும் கிளைவிட்டிருக்கிறது. அம்மோனியாவின் குத்தல், மெந்தாலின் குளிர்ச்சி, அடர்ந்த கார்பன் டை ஆக்சைடின் எரிச்சல் எல்லாம் அதன் வழியாகத்தான். அடர்வு கூடினால் பெரும்பாலான மணப்பொருள்கள் இந்த நரம்பையும் தட்டிவிடும். ஆகவே முகர்வை மட்டும் சோதிக்க வேண்டுமானால் அடர்வைக் குறைக்க வேண்டும். ரோஜா வாசனை தரும் ஃபீனைல் எதில் ஆல்கஹால் இந்த நரம்பை மிகக் குறைவாகத் தூண்டும் என்பதால் ஒப்பீட்டுக்கு நல்லது.

மணம் கொடுக்கும் கருவி

ஒல்ஃபேக்டோமீட்டர் என்று அழைக்கப்படும் இந்தக் கருவியில்தான் பெரும்பாலான சோதனைகள் கெடுகின்றன. அடிப்படை எளிது. கரிவடிகட்டி வழியாகச் சுத்தம் செய்த காற்று இரண்டு ஓட்டங்களாகப் பிரிகிறது. ஒன்று நிமிடத்துக்கு 900 மி.லி., நேராகப் போகும். மற்றொன்று 100 மி.லி., மணப்பொருள் கலந்த மினரல் ஆயில் இருக்கும் குப்பியின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போகும். இரண்டும் கலந்து நிமிடத்துக்கு 1 லிட்டராக விலங்கின் மூக்குக்கு வரும். மணம் இல்லாத நேரத்தில் அந்த 100 மி.லி.யை நிறுத்தக் கூடாது. வெறும் மினரல் ஆயில் உள்ள குப்பி வழியாக அதைத் திருப்ப வேண்டும். நிறுத்தினால் மொத்த ஓட்டம் 10 சதவீதம் குறையும், மீசை அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஓட்டத்தைச் சமன் செய்த பிறகும் வால்வு மாறும் கணத்தில் ஓர் அழுத்தத் துள்ளல் வரும். இதற்கு மருந்து கடைசி வால்வு. மணக்காற்றை முதலில் 1 அல்லது 2 நொடி வெளியேற்றுக் குழாய்க்குள் ஓடவிட்டு நிலைப்படுத்த வேண்டும். அந்நேரம் விலங்குக்குச் சுத்தமான காற்று அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிறகு கடைசி வால்வு இரண்டையும் இடம் மாற்றும். வெளியேற்றுப் பாதையின் தடையும் மூக்குப் பாதையின் தடையும் சமமாக இருந்தால்தான் இது வேலை செய்யும். வெளியேற்றில் ஓர் ஊசி வால்வை வைத்து, மூக்கு இருக்கும் இடத்தில் சூடான கம்பி வகைக் காற்றுமானியை வைத்து, துள்ளல் மறையும்வரை திருகுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். ஒரு மணி நேர வேலை, பல மாதத் தரவைக் காப்பாற்றும்.

குழாய் டெஃப்லானாக இருக்க வேண்டும். சிலிகான் குழாய் வளைக்க வசதி, ஆனால் மணத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு சிறிது சிறிதாக விடும். அடுத்த முயற்சியில் முந்தைய மணம் வரும். மணப்பொருளுக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக வைத்து, கலக்கும் இடத்தை மூக்குக்கு நெருக்கமாக வைப்பது நல்லது. தூரத்தையும் கணக்கிட வேண்டும். உள்விட்டம் 4 மி.மீ. உள்ள குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 1.3 மீட்டர். வால்வுக்கும் மூக்குக்கும் 20 செ.மீ. தூரம் என்றால் மணம் வந்து சேர 150 மில்லிநொடி ஆகும். சுண்டெலி இரண்டு எளிய மணங்களை வேறுபடுத்தவே சுமார் 200 மில்லிநொடிதான் எடுக்கும், மிக ஒத்த கலவைகளுக்கு 70 முதல் 100 மில்லிநொடி கூடுதலாகும் என்று 2004இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. வால்வு திறந்த நேரத்தை மணம் வந்த நேரமாக எழுதிவிட்டால் முடிவே தலைகீழாகும்.

ஆகவே மணத்தை அளந்தே ஆக வேண்டும். அதற்கு ஒளி அயனியாக்கக் கருவி உண்டு. புறஊதா விளக்கால் மூலக்கூறுகளை அயனியாக்கி மின்னோட்டத்தை அளக்கும், சில மில்லிநொடிகளில் விடை தரும். இதன் வழக்கமான விளக்கு 10.6 எலக்ட்ரான் வோல்ட். அதற்கு மேல் ஆற்றல் தேவைப்படும் மூலக்கூறுகள் இதற்குத் தெரியாது; கார்பன் டை ஆக்சைடு தெரியாது, மெத்தனாலும் தெரியாது. அமில் அசிடேட் நன்றாகத் தெரியும். வெவ்வேறு பொருள்களுக்கு உணர்திறன் வெவ்வேறு என்பதால் ஒன்றின் உயரத்தை மற்றதன் உயரத்தோடு ஒப்பிட்டு அடர்வு சமம் என்று சொல்லக் கூடாது. அதேபோல், எண்ணெயில் 1 சதவீதம் கரைத்ததால் காற்றில் எல்லாம் சமமாக வரும் என்பதும் தவறு. ஆவியாகும் தன்மை பொருளுக்குப் பொருள் ஆயிரம் மடங்குகூட வேறுபடும்.

தீர்ந்துபோவதும் ஒரு சிக்கல். 2 நொடி வீதம் 200 முறை மணம் கொடுத்தால், நிமிடத்துக்கு 100 மி.லி. ஓட்டத்தில் 667 மி.லி. காற்று குப்பியைக் கடந்திருக்கும். எண்ணெய்க்கு மேல் 20 மி.லி. இடம் உள்ள குப்பி முப்பது தடவைக்கு மேல் துடைக்கப்பட்டிருக்கும். காலையில் இருந்த அடர்வு கடைசி முயற்சியில் இருக்காது. ஒரே மணத்துக்கு இரண்டு மூன்று குப்பிகளைச் சுழற்றுவதும், அமர்வின் தொடக்கத்திலும் இறுதியிலும் அளப்பதும், எண்ணெயைத் தவறாமல் மாற்றுவதும்தான் வழி.

பிறகு ஒலி. ஒவ்வொரு வால்வுக்கும் தனிச் சொடக்கு உண்டு. நம் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலக் கேட்டாலும் சுண்டெலிக்கு 80 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பாலும் கேட்கும். சாதாரண ஒலிபெருக்கியில் இரைச்சலைப் போட்டு மறைத்துவிட்டதாக நினைப்பது வீண், அது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வால்வுகளை நுரைப்பெட்டிக்குள் வைத்துத் தூரத் தள்ளுங்கள். இரண்டு மணங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் வால்வுகள் திறக்கட்டும். எந்த மணம் எந்த வால்வில் என்பதை அமர்வுக்கு அமர்வு மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே அடியில் சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது. எல்லாக் குப்பிகளிலும் வெறும் எண்ணெய் ஊற்றிவிட்டு, நன்கு பயின்ற விலங்கை வழக்கம்போல ஓடவிடுங்கள். இரண்டில் ஒன்றைத் தேரும் சோதனை என்றால், சரியான விடை 50 சதவீதத்துக்கு, அதாவது குருட்டாம்போக்கு அளவுக்கு விழ வேண்டும். விழாவிட்டால் விலங்கு மணத்தைத் தவிர வேறெதையோ படித்துக்கொண்டிருக்கிறது. இதை ஆய்வின் முடிவில் செய்வதைவிடப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே செய்வது நல்லது. விலங்கு எளிதாகக் கிடைக்கும் குறிப்பைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். சொடக்கைப் பிடித்துக்கொண்ட சுண்டெலியை மணத்துக்குத் திருப்புவது புதிய சுண்டெலிக்குக் கற்பிப்பதைவிடக் கடினம். குடிநீரைக் குறைத்து, சரியாக நக்கினால் நீரைப் பரிசாகத் தரும் பயிற்சி என்றால் எடையைத் தினமும் பார்க்க வேண்டும். தொடக்க எடையில் 80 முதல் 85 சதவீதத்துக்குக் கீழே விடக் கூடாது. தாகம் அதிகமான விலங்கு எல்லாவற்றுக்கும் நக்கும், தாகம் தீர்ந்தது எதற்கும் நக்காது. இரண்டு நிலையிலும் கிடைக்கும் எண் முகர்வைப் பற்றி எதுவும் சொல்லாது. அமர்வின் கடைசி முயற்சிகளைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது அதனால்தான்.

தொடுகைச் சோதனையில் நுழையும் மணம்

மறுபக்கமும் இதே கதைதான். மீசையால் பரப்பின் சொரசொரப்பை அறியும் சோதனைக்கு உப்புத்தாள் வசதியானது. பி100 முதல் பி1200 வரை தரம் போட்டுக் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு தரத்திலும் பசை வேறு, துகள் வேறு, அதனால் நெடியும் வேறு. மூக்கு பரப்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கும். அதோடு, பரிசு கிடைத்த பரப்பில் விலங்கின் உமிழ்நீரும் சிறுநீர்த் தடமும் படியும். நாளடைவில் சரியான பரப்பு தன்னைத்தானே அடையாளம் காட்டும். ஒரே தரத்தில் பல துண்டுகளை வெட்டி வைத்து, அடிக்கடி மாற்றி, துடைத்து, காற்றில் ஆறவிட்டுப் பயன்படுத்த வேண்டும். முடிந்தால் உலோகத்தில் வரிப்பள்ளம் வெட்டிய பரப்புகளுக்கு மாறுவது நல்லது. எல்லாம் ஒரே உலோகம், கழுவ முடியும். பரப்பைக் கொண்டுவரும் மோட்டாரின் அதிர்வு எல்லாப் பரப்புக்கும் ஒன்றாக இருக்கும்படி, எப்போதும் ஒரு நடுநிலையிலிருந்தே நகர்த்துங்கள்.

கடைசிச் சோதனை மீசையை வெட்டுவது. வெட்டியதும் திறமை 50 சதவீதத்துக்கு வர வேண்டும். பிடுங்கக் கூடாது; மயிர்க்கால் சேதமாகும். வெட்டினால் மீண்டும் வளரும். லேசான மயக்கத்தில் தோலோடு ஒட்ட வெட்டுவார்கள். ஒப்பீட்டு விலங்குகளுக்கும் அதே மயக்கத்தைக் கொடுத்து மீசையை மட்டும் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் மயக்கத்தின் மந்தத்தை மீசை இழப்பு என்று எண்ணிவிடுவோம். சோதனையை அடுத்த ஒன்றிரண்டு நாளிலேயே முடிக்க வேண்டும். நாள்கள் போகப் போகப் புறணியின் வரைபடமே மாறத் தொடங்கும், விலங்கும் தலையை முட்டி உதட்டால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்ளும்.

வெட்டியபின் திறமை முழுதாக விழாமல் பாதியில் நின்றால் அதைத் தோல்வி என்று ஒதுக்க வேண்டாம். மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போதுதான் சுவாரசியமான விடைகள் கிடைத்திருக்கின்றன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மித்ரா ஹார்ட்மனின் குழு 2016இல் ஐந்து மின்விசிறிகளில் எது ஓடுகிறது என்று கண்டு அதை நோக்கி ஓட எலிகளைப் பழக்கியது. மீசையை வெட்டிய பிறகு திறமை சுமார் 20 சதவீதம் குறைந்தது. பூஜ்யமாகவில்லை. மயிரும் தோலும் சேர்ந்து மீதியைச் செய்திருக்கலாம். ஆனாலும் காற்றின் திசையை அறிய மீசை உதவுகிறது என்பது அப்போது உறுதியானது. மணம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டிய விலங்குக்குக் காற்றின் திசை எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு துவாரங்கள் எதற்கு

திசையை மூக்கே அறியுமா என்பது நெடுநாள் சந்தேகம். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ராகவ் ராஜன், ஜேம்ஸ் கிளெமென்ட், உபிந்தர் பல்லா மூவரும் 2006இல் எலிகளைக் கொண்டு இதைத் தீர்த்தார்கள். இடமா வலமா என்று ஒன்றிரண்டு மோப்பத்திலேயே எலி சொல்லிவிடுகிறது. இரண்டு துவாரங்களும் திறந்திருந்தால்தான் துல்லியம் இருக்கிறது. அடர்வு வேறுபாடு ஒரு குறிப்பு, நேர வேறுபாடு இன்னொரு குறிப்பு. மூச்சின் சரியான கட்டத்தில் வந்தால் 50 மில்லிநொடி வேறுபாடே போதுமானதாக இருந்தது. அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள்: மூச்சைப் பதிவு செய்யாமல் இருந்திருந்தால் அந்த 50 மில்லிநொடி சராசரியில் கரைந்து போயிருக்கும்.

கென்னத் கட்டானியா 2013இல் அமெரிக்கக் கிழக்கு அகழெலியை வைத்துச் செய்த சோதனை இன்னும் நேரடியானது. ஒரு துவாரத்தை அடைத்தால் விலங்கு திறந்திருக்கும் பக்கமாக விலகிப் போனது. பிறகு சிறு குழாய்களைப் பொருத்தி, இடக் காற்றை வலத் துவாரத்துக்கும் வலக் காற்றை இடத் துவாரத்துக்கும் திருப்பிவிட்டார். விலங்கு முன்னும் பின்னும் அலைந்தது. அடைப்பதால் வரும் சங்கடமே காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி செய்த இந்தக் குறுக்குக் குழாய் ஏற்பாடு, கட்டுப்பாட்டுச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரி.

பூச்சிகளில் இரண்டு புலன்களும் ஒரே உறுப்பில் இருக்கின்றன. உணர்கொம்பின் நீண்ட பகுதியில் முகர்வு மயிர்கள். அடியில் இரண்டாம் கணுவில் ஜான்ஸ்டன் உறுப்பு, கொம்பு எவ்வளவு வளைந்தது என்று அளக்கும். கொம்பின் மின்விடையைப் பதிவு செய்யும் முறை பழையது, மலிவானது. கொம்பை வெட்டி, நுனியில் சிறிது நறுக்கி, உப்புநீர் நிரப்பிய இரண்டு கண்ணாடி நுண்குழாய்களுக்கு இடையில் பொருத்தி, வெள்ளி குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பியால் இணைக்க வேண்டும். வடிதாள் துண்டில் 10 மைக்ரோலிட்டர் கரைசலை விட்டு, கரைப்பான் ஆவியாகும்வரை காத்திருந்து, பாஸ்டர் பிப்பெட்டுக்குள் நுழைத்து அரை நொடி ஊத வேண்டும். ஈரப்பதமூட்டிய காற்று கொம்பின்மேல் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கட்டும், இல்லையென்றால் கொம்பு உலர்ந்து சமிக்ஞை சாகும். ஊதல்களுக்கு இடையே 30 முதல் 60 நொடி விட வேண்டும். கரைப்பான் மட்டும் உள்ள தாளையும் இடையிடையே ஊத வேண்டும், ஏனென்றால் ஊதலே கொம்பை அசைத்து ஒரு விடையை உண்டாக்கும். கொம்பு நேரம் போகப் போகத் தளரும். ஆகவே ஒரு நிலையான மணத்தைத் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கு விகிதமாகச் சொல்ல வேண்டும்.

ஒரே உறுப்பில் உள்ள இரண்டு புலன்களைப் பிரிப்பதற்கு நான் அறிந்தவற்றில் மிக அழகான சோதனை 2007இல் வந்தது. சஞ்சய் சானேயும் உடனாய்வாளர்களும் பருந்து விட்டிலின் உணர்கொம்பின் நீண்ட பகுதியை வெட்டினார்கள். விட்டில் நிலை தடுமாறி மோதியது. அதே துண்டைப் பசையால் திரும்ப ஒட்டினார்கள். பறத்தல் மீண்டது. ஒட்டிய துண்டின் நரம்பு அறுந்துவிட்டது, அதனால் மணம் எதையும் மூளைக்குச் சொல்ல முடியாது. ஆனால் அதன் எடை அடியிலுள்ள ஜான்ஸ்டன் உறுப்பை மறுபடி அசைக்கிறது. பறத்தலுக்குத் தேவை கொம்பின் முகர்வு அல்ல, அதன் அசைவுதான் என்று ஒரு சொட்டுப் பசையில் தெளிவானது.

நீருக்கடியில் இந்தப் பிரச்சினை இன்னொரு வடிவம் எடுக்கிறது. நட்சத்திர மூக்கு அகழெலியின் மூக்கைச் சுற்றி 22 சதைக் கதிர்கள் உண்டு. அவற்றில் ஐமர் உறுப்புகள் எனும் நுண்ணிய தொடு மேடுகள் சுமார் 25,000, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நரம்பிழைகள். பாலூட்டிகளில் இவ்வளவு நுட்பமான தொடு உறுப்பு வேறு இல்லை என்று சொல்லலாம். இந்த விலங்கு நீருக்கடியில் மூக்கிலிருந்து காற்றுக் குமிழியைப் பொருளின்மேல் ஊதி, உடனே அதைத் திரும்ப உறிஞ்சுகிறது. நிலத்தில் சிறு பாலூட்டிகள் மோப்பம் பிடிக்கும் அதே வேகத்தில். கட்டானியா 2006இல் இதை விவரித்தபோது எழுந்த முதல் கேள்வி, நீருக்கடியில் மணத்தடத்தைப் பின்தொடரும் விலங்கு குமிழியால் முகர்கிறதா, அல்லது கதிர்களால் தடவிக் கண்டுபிடிக்கிறதா என்பதே. தடத்துக்கு மேல் எஃகு வலையைப் பரப்பினார். குமிழி புகும், கதிர் தொட முடியாது. விலங்கு தடத்தைத் தொடர்ந்து பின்பற்றியது. பிறகு குமிழியும் புகாத நெருக்கமான வலையைப் போட்டார். திறமை குருட்டாம்போக்கு அளவுக்கு இறங்கியது.